6+7-இல் ஏன் நிற்கிறான்?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அபாகஸ் வகுப்பில் மூன்று லெவல் முடித்துவிட்டான். நான்காவதற்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். 8+7 கேட்டால் சட்டென்று 15 என்கிறான். 6+7 கேட்டால் நின்றுவிடுகிறான். கண்ணை மூடிக்கொண்டு மேசையில் விரலால் ஏதோ சுரண்டுகிறான். இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறானோ என்று கவலையாக இருக்கிறது. பள்ளியில் விடை சரியாக இருந்தும் செய்முறை இல்லை என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். மூளை நன்றாக வளரும் என்றுதான் சேர்த்தோம். தொடரலாமா, நிறுத்திவிடலாமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம், நான்காவது லெவலுக்குப் பணம் கட்டவும் வேண்டாம். உங்கள் மகன் எங்கே நிற்கிறான் என்பதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். 8+7 வருகிறது, 6+7 வரவில்லை என்ற அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

நம் குழந்தைகள் கையில் வைத்திருப்பது ஜப்பானிய முறை அபாகஸ். ஒவ்வொரு கம்பியிலும் நடுச்சட்டத்துக்கு மேலே ஒரு மணி. அதன் மதிப்பு ஐந்து. கீழே நான்கு மணிகள், ஒவ்வொன்றும் ஒன்று. நடுச்சட்டத்தைத் தொட்டு நிற்கும் மணிக்குத்தான் மதிப்பு. 8 என்றால் மேல்மணி இறங்கியிருக்கும், கீழ்மணி மூன்று ஏறியிருக்கும். இதோடு 7 கூட்ட அந்தக் கம்பியில் இடமில்லை. எனவே ஏழின் 'பெரிய நண்பன்' (அதோடு சேர்ந்தால் பத்தாகும் எண்) மூன்றை எடுத்துவிட்டு, பக்கத்துக் கம்பியில் பத்தைப் போட வேண்டும். எடுக்க மூன்று கீழ்மணி தயாராக நிற்கிறது. சுட்டுவிரலால் ஒரு இழுப்பு, பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு தள்ளல். 15.

இப்போது 6+7. மேல்மணி ஒன்று, கீழ்மணி ஒன்று. இங்கேயும் மூன்றை எடுத்துப் பத்தைப் போட வேண்டும். ஆனால் எடுக்க மூன்று எங்கே இருக்கிறது? ஒரு கீழ்மணிதான் ஏறியிருக்கிறது. ஆகவே மூன்றின் 'சின்ன நண்பன்' (அதோடு சேர்ந்தால் ஐந்தாகும் எண்) இரண்டைக் கூப்பிட வேண்டும்: இரண்டு கீழ்மணியை ஏற்றி, மேல்மணியை மேலே தட்டிவிட்டால் மூன்று குறைந்துவிடும். பிறகு பக்கத்தில் பத்து. 13. முதல் கணக்குக்கு ஒரு நண்பன் போதும். இதற்கு இருவர் ஒரே நேரத்தில் வர வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டும் ஒரே தரத்துக் கணக்கு. மணியை நகர்த்தும் பிள்ளைக்கு அப்படியில்லை.

லெவல்களைப் பிரிப்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான்: நேரடியாக மணி ஏற்றி இறக்குவது, ஐந்துக்குள் நண்பர்கள், பத்துக்கான நண்பர்கள், இரண்டும் கலந்தது, அதன் பிறகு பெருக்கல், வகுத்தல். உங்கள் மகனுக்குக் கலப்பு நண்பர்கள் இன்னும் கையில் படியவில்லை. சான்றிதழில் மூன்று என்று இருக்கிறது. கை இரண்டரையில் நிற்கிறது. இதில் அவன் குற்றம் எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு லெவல் என்று காலண்டரைப் பார்த்துத் தேர்வு வைத்தால் இப்படித்தான் ஆகும். கோப்பை வாங்காத பிள்ளையே இல்லாத பரிசளிப்பு விழாக்களில் நானும் மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

எங்கே பிழை என்று வீட்டிலேயே பார்க்கலாம். விடையைப் பார்க்காதீர்கள்; கையையும் உதட்டையும் பாருங்கள். அபாகஸைக் கொடுத்து 4+3 போடச் சொல்லுங்கள். மேல்மணியை இறக்கி, இரண்டு கீழ்மணியை ஒரே இழுப்பில் இறக்கினால் சரி. உதடு 'ஒன்று, இரண்டு' என்று முணுமுணுத்தால், மணியை ஒவ்வொன்றாகத் தள்ளினால், அவன் அபாகஸ் செய்யவில்லை. விரலுக்குப் பதிலாக மணியை வைத்து எண்ணுகிறான். மூன்று என்றால் மூன்று மணியும் ஒரே அசைவில் போக வேண்டும். கட்டைவிரல் கீழ்மணியை ஏற்றுவதற்கு மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் சுட்டுவிரல். இது தப்பாக இருந்தால் மேலே எதைக் கட்டினாலும் ஆடும்.

மேசையில் சுரண்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். விரல் விட்டு எண்ணும் பிள்ளை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கும். உங்கள் மகன் கட்டைவிரலும் சுட்டுவிரலுமாக அசைக்கிறான் என்றால், இல்லாத மணியை நகர்த்துகிறான். மனதுக்குள் அபாகஸ் உருவாகத் தொடங்கியிருக்கிறது. கையைக் கட்டிக்கொள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த அசைவைத் தடுத்தால் கணக்கும் தடுமாறும். நன்றாகப் பழகிய பிள்ளைகளுக்கு அது தானாகவே சிறுத்துவிடும்.

மனக்கணக்கைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். முதலில் மணியைத் தொட்டுச் செய்யட்டும். அடுத்து அபாகஸ் எதிரில் இருக்கட்டும், கை மடியில் இருக்கட்டும், பார்த்துக்கொண்டே சொல்லட்டும். பிறகு ஒரு தாளில் கம்பிகளை மட்டும் வரைந்து வையுங்கள், மணி வேண்டாம். கடைசியில் கண்ணை மூடலாம். மூன்று ஓரிலக்க எண்களில் தொடங்கி, ஐந்து, பத்து என்று நீட்டுங்கள். கையால் செய்வதைவிட மனக்கணக்கு ஒரு லெவல் பின்தங்கியே வரும், அது இயல்பு. நான்கு கம்பிக்கு மேல் மனத்தில் பிடித்து வைப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். ஆகவே எட்டு வயதுப் பிள்ளையிடம் ஐந்திலக்க எண்ணைக் கேட்டு விருந்தாளிகள் முன்னால் சோதிக்க வேண்டாம்.

பயிற்சி தினமும் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது வீண்.

பள்ளிப் பிரச்சினைக்கு வருகிறேன். ஆசிரியர் மீது கோபப்படாதீர்கள். அபாகஸ் இடமிருந்து வலமாகப் போகும். பள்ளிக் கணக்கு வலமிருந்து இடமாக. 48+37-ஐ உங்கள் மகன் 78, பிறகு 85 என்று பார்ப்பான். பாடப்புத்தகம் 8+7=15, ஐந்தை எழுதி ஒன்றைப் பத்துக்கு இனமாற்றம் செய் என்கிறது. இரண்டும் சரி. பள்ளித் தாளில் பள்ளி வழியில் எழுதிவிட்டு, அபாகஸ் வழியில் விடையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வழியும் தெரிந்த பிள்ளைக்கு இடமதிப்பு தெளிவாகும். 'ஒரு கூடையில் 24 மாம்பழம், ஆறு பேருக்குச் சமமாக' என்று வரும் கணக்கில் வகுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கு மட்டும் எந்த மணியும் உதவாது; அதைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

மூளை வளர்ச்சி என்று விளம்பரங்கள் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத்தின் வடோதராவில் 204 பள்ளிக் குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. அபாகஸ் கற்றவர்கள் கணக்கில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். நினைவாற்றல் போன்ற பொதுத்திறன்களில் அப்படி ஒரு முன்னேற்றம் தெரியவில்லை. கணக்கு நன்றாக வருவதே எனக்குப் போதுமான காரணம்; உங்களுக்கும் போதும் என்றால் தொடருங்கள்.

நான்காவது லெவலில் பெருக்கல் வரும் என்பதால் ஒரு விஷயம். அபாகஸ் வாய்ப்பாடு கற்றுத்தராது. 47×6 போட, நாலாறு இருபத்துநாலு, ஏழாறு நாற்பத்திரண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 240-உடன் 42-ஐச் சேர்த்து 282 என்று நிறுத்துவதுதான் மணியின் வேலை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தவர்கள் மணியே இல்லாமல் கணக்குப் போட்டார்கள். அது காதின் வழி, இது கண்ணின் வழி. 1946 நவம்பரில் டோக்கியோவில் மின்சாரக் கணக்குப் பொறிக்கும் அபாகஸுக்கும் போட்டி வைத்தார்கள். அபாகஸ் 4-1 என்று வென்றது. தோற்ற அந்த ஒன்று பெருக்கல்தான்! எனவே கலப்பு நண்பர்களோடு, இரவு சாப்பாட்டு நேரத்தில் 6, 7, 8-ஆம் வாய்ப்பாடுகளும் ஓடட்டும்.

வகுப்பு ஆசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: "இரண்டு மாதம் மூன்றாம் லெவல் புத்தகத்தையே திரும்பப் போட வைப்பீர்களா?" நல்ல ஆசிரியர் சம்மதிப்பார். முடியாது என்றால் அந்த இரண்டு மாதத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது. முதலில் 5+6, 6+6, 7+6, 8+6, அடுத்து 5+7, 6+7, 7+7, பிறகு 5+8, 6+8, கடைசியில் 5+9. கலப்பு நண்பர் கூட்டலில் அடிப்படைக் கணக்கு இந்தப் பத்துதான். பத்தையும் கலைத்துக் கேட்டு, மணியைத் தொடாமல் நிற்காமல் சொல்கிறான் என்றால், கழித்தலில் இதே பத்தைத் தலைகீழாகக் கேளுங்கள்: 13-7, 14-6, 14-9. கழித்தல் எப்போதும் இரண்டு வாரம் தாமதமாக வரும். அதுவும் வந்த பிறகு நான்காவது லெவலுக்குப் பணம் கட்டுங்கள்.