படுத்தால் எரியும் நெஞ்சு: கேள்வி பதில்

முப்பது வருடத்துக்கு மேல் மலையக ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்துவிட்டு, இப்போது ஹட்டனில் ஓய்வில் இருக்கிறேன். வார்டில் நான் அதிகம் கேட்ட வார்த்தை 'கேஸ்ட்ரைட்டிஸ்', அதாவது வயிற்றின் உள்சுவர் அழற்சி. நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், வயிற்றுப் புண், வாயு எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் அந்த ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவை வேறு வேறு. ராத்திரி நெஞ்செரிவு பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

மிஸ், பகலில் தேயிலை மலையில் நின்று வேலை செய்யும்போது ஒன்றுமில்லை. ராத்திரி படுத்து ஒரு மணித்தியாலத்தில் நெஞ்சு எரிந்து, புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. படுத்தால் மட்டும் ஏன்? (நோர்வூட்)

தங்கச்சி, உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கத் திறந்து, அப்புறம் மூடிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால் வயிற்று அமிலம் மேலே வரும். நிற்கும்போது வந்தாலும் தானாகக் கீழே இறங்கிவிடும். எச்சிலை விழுங்க விழுங்க மிச்சமும் கழுவுப்படும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது. வந்த அமிலம் அங்கேயே கிடந்து எரிக்கிறது.

உங்கள் நாளை நினைத்துப் பாருங்கள். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, விறகு வைத்து, சமைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, நீங்கள் சாப்பிடும்போது ஒன்பது மணி. பகலில் ரொட்டியோடு சமாளித்ததால் அப்போதுதான் வயிறு நிறையச் சோறு. குளிருக்குப் பயந்து உடனே போர்வைக்குள். நிறைந்த வயிற்றோடு படுப்பதுதான் முதல் காரணம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 3 மணித்தியாலம் வேண்டும். முடியாத காரியம் என்பீர்கள், எனக்குத் தெரியும். அதனால் வேறு வழி சொல்கிறேன். காலையிலேயே கொஞ்சம் சோறு சமைத்து உங்கள் பங்கை எடுத்து வைத்து, மலையிலிருந்து வந்ததும் ஆறு மணிக்கே நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு உட்காரும்போது இரண்டு வாய் போதும். வீட்டில் எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் அம்மா சாப்பிட வேண்டும் என்ற பழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிடுங்கள்.

இடுப்பில் கட்டும் படங்கையும் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். வயிற்றை இறுக்கும் எதுவும் அமிலத்தை மேலே தள்ளும். உள்பாவாடை நாடாவும் அப்படித்தான்.

மூன்று தலையணை வைத்துப் படுக்கிறேன் அக்கா, குறையவில்லை. (கொட்டகலை)

தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும்தான் மடங்கும். வயிறு அழுந்தி எரிவு கூடும். உயர வேண்டியது நெஞ்சிலிருந்து மேலே முழுவதும். கட்டிலின் தலைப்பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் 6 முதல் 8 அங்குல உயரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். கால் வழுக்காமல் இருக்கக் கட்டையில் சிறு குழி வெட்டச் சொல்லுங்கள். காம்பராவில் கீழே பாய் விரித்துப் படுப்பவர்கள், ஒரு அகலப் பலகையைச் சாய்வாக வைத்து அதன் மேல் மெத்தையைப் போட்டுக்கொள்ளலாம்.

இடது பக்கம் சரிந்து படுங்கள். அப்போது உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் வாய், அமிலம் தேங்கும் இடத்துக்கு மேலே இருக்கும். வலது பக்கம் படுத்தால் அந்த வாய் கீழே போய்விடுகிறது. செலவில்லாத வைத்தியம் இது, இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

தேத்தண்ணியை விட வேண்டுமா? (பொகவந்தலாவை)

முழுக்க வேண்டாம். எல்லாருக்கும் தேத்தண்ணியால் எரிவதில்லை. அந்திக்குப் பிறகு சாயம் கூடிய பிளேன்டீயை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அதுதான் உங்களுக்குப் பதில். கட்டைச்சம்பல், எண்ணெய்ப் பலகாரம் இவற்றையும் அதே மாதிரி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சாராயத்தையும், புகையிலை சேர்த்த வெற்றிலையையும் நான் சோதிக்கச் சொல்ல மாட்டேன், விடச் சொல்வேன். இரண்டும் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்துகின்றன.

ஒமெப்ரசோல் வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரி எரியும்போது ஒன்று போடுகிறேன், உடனே கேட்பதில்லையே? (தலவாக்கலை)

தம்பி, அது எரியும்போது போடும் மருந்தே இல்லை. அமிலம் சுரக்கும் இடத்தை அடைப்பது அதன் வேலை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால், வெறும் வயிற்றில், தினமும் போட வேண்டும். முழுப் பலன் தெரிய 4 நாள் வரை ஆகலாம். வழக்கமாகக் காலையில் 20 மில்லிகிராம் கொடுப்பார்கள். ராத்திரித் தொல்லைதான் பெரிது என்றால் டொக்டர் அதை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றுவார். கெப்சூலை மெல்லவோ நசுக்கவோ கூடாது.

உடனடி எரிவுக்கு அன்டாசிட் இருக்கிறது. வில்லையை நன்றாக மென்று விழுங்குங்கள். சில நிமிடத்தில் கேட்கும், ஆனால் அதிக நேரம் நிற்காது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். பழைய ரனிடிடின் வில்லை வீட்டில் கிடந்தால் எடுக்காதீர்கள். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கலப்பு இருந்ததால் 2020இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், முதுகு வலிக்கு டைக்ளோபெனாக் போடுகிறீர்களா? மலையில் வேலை செய்பவர்கள் பலர் பார்மசியில் சொல்லி வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அது வயிற்றில் புண்ணைக் கொண்டுவரும். பனடோல் (பரசிட்டமோல்) அப்படிச் செய்யாது. ஆனால் அதிலும் 500 மில்லிகிராம் வில்லை ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது.

ஏழு மாதக் கர்ப்பம். படுக்கவே பயமாக இருக்கிறது அக்கா. (ராகலை)

பயப்படாதே மகள். கர்ப்பத்தில் ஹோர்மோன் அந்தத் தசையைத் தளர்த்துகிறது, வளரும் பிள்ளையும் வயிற்றை மேலே தள்ளுகிறது. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடு, இடது பக்கம் படு. கல்சியம் உள்ள அன்டாசிட்டைக் கிளினிக்கில் கேட்டு எடுக்கலாம். இரும்புச்சத்து வில்லைக்கும் அதற்கும் 2 மணித்தியாலம் இடைவெளி விடு. இரும்பு வில்லையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, சத்து உடம்பில் சேராது. தலையிடியும் மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், கண் மங்கினால், அது நெஞ்செரிவு அல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.

அப்பச்சோடா கரைத்துக் குடிக்கலாமா? (வெலிமடை)

வேண்டாம். அதில் உப்புச்சத்து அதிகம். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கெடுதல்.

அப்பாவுக்கு வயது 58, சீனி வருத்தம் இருக்கிறது. ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்கிறார். கேஸ் என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுக்கிறோம். சரியா? (மஸ்கெலியா)

சரியில்லை. இந்தக் கேள்விக்காகவே நான் எழுதச் சம்மதித்தேன். என் சித்தப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்தவர். ஒரு ராத்திரி 'கேஸ் பிடித்திருக்கிறது' என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு, விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். விடியும்போது உயிர் இல்லை. நான் அன்று இரவு டியூட்டியில் வேறு ஆட்களின் நெஞ்சு வலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெஞ்சு அடைப்பது, பாரம் வைத்தது போல் அழுத்துவது, வலி தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ ஓடுவது, வியர்ப்பது, மூச்சு வாங்குவது, மேடு ஏறும்போது வந்து நின்றால் குறைவது இவையெல்லாம் இருதயத்தின் அடையாளம். சீனி வருத்தக்காரருக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும்கூட வரலாம். வீட்டில் இருந்துகொண்டு இதைப் பிரித்தறிய யாராலும் முடியாது, ஈசிஜி எடுத்தால்தான் தெரியும். மறுபடி வந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். றோட்டு வரை அவரை நடக்கவிடாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கி வாருங்கள். வலி இல்லாவிட்டாலும் நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பனியில் ராத்திரி இருமல் என்று நினைத்தேன். இதனாலும் வருமா? (பண்டாரவளை)

வரும். அமிலம் தொண்டை வரை ஏறினால் வரட்டு இருமல், காலையில் குரல் கரகரப்பு, ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு எல்லாம் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், காசநோயா என்று பார்க்கும் சளிப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள்.

எத்தனை நாளில் டொக்டரிடம் போக வேண்டும்? (பதுளை)

மேலே சொன்னவற்றை இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் போங்கள். சாப்பாடு விழுங்கும்போது சிக்கினால், காரணமில்லாமல் மெலிந்தால், இரத்த வாந்தி எடுத்தால், மலம் தார் போல் கறுத்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினால் பயந்து ஓடாதீர்கள், சில நிமிட வேலைதான். போகும்போது ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எரிந்தது, வேறு என்ன வில்லை எடுக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், அதற்குள் அவருக்கு வேண்டியது அந்தப் பக்கத்தில் இருக்கும்.