நன்றி எழுதுவது பொய்யாகத் தெரிகிறது என்ற அண்ணனுக்கு

கடை மூடி நான்கு மாதம், நன்றி சொல்ல மூன்று விஷயங்களைத் தினமும் நோட்டில் எழுதினால் பொய் எழுதுவது போல இருக்கிறது என்கிறீர்கள். அப்பா படுக்கையில் கிடந்த வருடம் எனக்கும் அப்படித்தான். 'குடும்பம், ஆரோக்கியம்' என்று கை எழுதும், மனசு ஒட்டாது. அப்புறம் அன்றன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதினேன். கீழமாசி வீதி டீக்கடையில் சில்லறை இல்லாமல் தடவியபோது, "நாளைக்குக் குடுங்கண்ணே" என்று மாஸ்டர் அடுத்த கிளாஸை ஆற்றப் போய்விட்டார். அது ஒட்டியது.

தினமும் வராவிட்டால் விடுங்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதியது. அதிலேயே பலன் தெரிந்தது. கடன் கவலையையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். தூக்கமே போய்விட்டால் நோட்டை நம்பாதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.