வாசகர் கேள்வி – பதில்: முகவரிக்குள் அடங்கிய பள்ளிக்கூடம்

கேள்வி: அமெரிக்காவில் வீடு வாங்க முயன்றுகொண்டிருக்கும் என் மகனும் மருமகளும், எந்த வீட்டைப் பார்த்தாலும் 'அது எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?' என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நல்ல பள்ளி மாவட்டம் என்று பெயரெடுத்த புறநகரில் அதே அளவு வீட்டுக்கு விலை மிகவும் அதிகம். அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாது என்னும்போது இந்தக் கூடுதல் விலை எதற்கு?

பதில்: வாசலில் வசூலிக்கப்படாத பள்ளிக் கட்டணம்தான் அந்த வீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்கென்று எல்லைக்கோடு உண்டு; பொதுவாக அந்தக் கோட்டுக்குள் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கே அங்குள்ள அரசுப் பள்ளிகளில் இடம். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. நாடெங்கும் இப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. (ஹவாய் மட்டும் விதிவிலக்கு, அந்த மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம்.) பள்ளிச் செலவில் ஒன்றிய அரசு கொடுப்பது பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவே. மீதியை மாநில அரசும் உள்ளூரும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி வீடுகள் மீதும் கடைகள் மீதும் விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்து வருகிறது.

விலையுயர்ந்த வீடுகள் நிறைந்த ஊரில் குறைந்த விகிதத்தில் வரி விதித்தாலே பள்ளிக்குப் போதிய பணம் சேர்ந்துவிடும். பள்ளி சிறந்து விளங்கினால் அந்த ஊரில் குடியேறப் போட்டி மிகும். போட்டியால் வீட்டு விலை மேலும் ஏறும். ஏழை ஊரில் இந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுழல்கிறது. கலிபோர்னியாவில் 1968-69ஆம் கல்வியாண்டில், உழைப்பாளிகள் வாழ்ந்த பால்ட்வின் பார்க் மக்கள் மதிப்பிடப்பட்ட சொத்தில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 5.48 டாலர் பள்ளி வரி செலுத்தினார்கள். பெவர்லி ஹில்ஸ் மக்கள் செலுத்தியது 2.38 டாலர். ஆனால் ஒரு மாணவருக்குச் செலவிடப்பட்ட தொகையோ பால்ட்வின் பார்க்கில் சுமார் 577 டாலர், பெவர்லி ஹில்ஸில் சுமார் 1,232 டாலர். இரு மடங்குக்கும் மேல் வரி கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. ஏழைகள் தம் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை காட்டுவதில்லை என்று பேசுவோர் இந்தக் கணக்கை ஒரு முறையேனும் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கேள்வி: இவ்வளவு வெளிப்படையான ஏற்றத்தாழ்வை நீதிமன்றங்கள் எப்படி அனுமதித்தன?

பதில்: மாநில நீதிமன்றங்கள் பல அனுமதிக்கவில்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரப் பகுதியில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்து வாழ்ந்த எட்ஜ்வுட்டில், மாநில, ஒன்றிய உதவிகளையும் சேர்த்து ஒரு மாணவருக்கு 1967-68இல் கிடைத்தது 356 டாலர். வசதியானவர்களின் அலமோ ஹைட்ஸில் 594 டாலர். இங்கும் வரி விகிதம் எட்ஜ்வுட்டில்தான் கூடுதல். 1968இல் டெமெட்ரியோ ராட்ரிகஸ் என்னும் தொழிலாளியும் வேறு சில பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள்; ஆனால் 1973 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி அமெரிக்க அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அன்று என்று கூறி அவர்களின் கோரிக்கையை மறுத்தது. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பைப் பெற வழக்கறிஞராக வாதாடி வென்ற தர்குட் மார்ஷல், இப்போது நீதிபதியாக அமர்ந்து கடுமையான மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கிலும் ஐந்துக்கு நான்காக இன்னொரு தீர்ப்பு வந்தது. நிறப் பிரிவினையை நீக்குவதற்காக நகரப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் மாவட்ட எல்லை கடந்து கலந்து படிக்க வைக்குமாறு, புறநகர் மாவட்டங்களின் தவறு நிரூபிக்கப்படாத நிலையில், ஆணையிட முடியாது என்றது அது. என் பார்வையில், முந்தைய தீர்ப்பைக் காட்டிலும் இதுதான் ஆழமான காயத்தை ஏற்படுத்தியது. பணத்தை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்ப மாநிலங்கள் பின்னர் வழி கண்டன. மாவட்ட எல்லைக்கோட்டைத் தாண்டிப் பிள்ளைகள் ஒன்றாக அமர்வதற்கான வழியோ பெருமளவு அடைபட்டுப் போயிற்று.

மாநிலங்களில் நடந்தவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பால்ட்வின் பார்க் கணக்கை முன்வைத்து நடந்த வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971இல் பெற்றோர் பக்கம் நின்றது; 1978இல் வாக்காளர்கள் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்ததும், பள்ளிச் செலவின் பெரும்பொறுப்பு மாநில அரசின் தலையில் விழுந்தது. டெக்சாஸில் மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் எட்ஜ்வுட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1993 முதல் செல்வ மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை மாநிலம் திரும்பப் பெறுகிறது. நியூ ஜெர்சியில் 1990இல் வந்த தீர்ப்பு, ஏழை நகர்ப்புற மாவட்டங்களுக்கும் செல்வப் புறநகர்களுக்கு இணையான நிதி வேண்டும் என்றது.

கேள்வி: அப்படியானால் இன்று பணத்தில் வேறுபாடு குறைந்திருக்குமே? பிறகும் அந்தப் புறநகர்களுக்கு ஏன் இத்தனை மவுசு?

பதில்: சில மாநிலங்களில் உண்மையாகவே குறைந்திருக்கிறது, ஏழை மாவட்டத்தில் ஒரு மாணவருக்குக் கூடுதலாகச் செலவிடும் இடங்களும் உண்டு. ஆயினும் அங்குள்ள தேவையும் கூடுதல். செல்வப் புறநகரில் பெற்றோர் அறக்கட்டளை அமைத்து நன்கொடை திரட்டி இசைக்கும் அறிவியல் கூடத்துக்கும் கொடுக்கிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் அங்கே நிலைத்திருக்கிறார்கள். கல்லூரி படித்த பெற்றோரின் பிள்ளைகளே வகுப்பில் நிறைந்திருப்பதால் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்து நிற்கின்றன. வீட்டு விற்பனைத் தளங்களில் வீட்டுப் படத்தின் கீழே காட்டப்படும் 'பத்துக்கு ஒன்பது' போன்ற பள்ளி மதிப்பீடுகளில் அந்த மதிப்பெண்களுக்குப் பெரும் இடம் உண்டு. ஆகவே பள்ளி கற்றுக்கொடுத்ததையும் குடும்பம் கொடுத்ததையும் அந்த எண்ணில் பிரித்தறிய இயலாது. உங்கள் மகன் அந்த எண்ணை மட்டும் நம்பி முப்பது ஆண்டுக் கடனில் கையெழுத்திட வேண்டாம் என்று உரிமையோடு சொல்வேன். பள்ளிக் குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு மாலை அங்கே சென்று அமர்ந்து கேட்டால், பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றியும் பாடச்சுமையைப் பற்றியும் அந்த ஊர் எப்படிப் பேசுகிறது என்பது புலப்படும்.

வீட்டுமனைக்குக் குறைந்தபட்சப் பரப்பை நிர்ணயித்தும், அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தடுத்தும் பல புறநகர்கள் எளியவர்கள் குடியேறுவதை அரிதாக்கியிருக்கின்றன. பள்ளியைப் பற்றிய விதி என்று எங்கும் எழுதப்படாவிட்டாலும், பள்ளியில் யார் சேர முடியும் என்பதை இந்த மனை விதிகளே பெருமளவு தீர்மானிக்கின்றன.

கேள்வி: வீடு வாங்கும்வரை, நல்ல மாவட்டத்தில் இருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுத்துப் பேரனைச் சேர்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மாவட்டங்கள் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது முதலியவற்றைக் கேட்டுச் சரிபார்க்கின்றன. 2011இல் ஒஹையோ மாநிலத்தில், தம் தந்தையின் முகவரியைக் கொண்டு மகள்களைப் பக்கத்து மாவட்டப் பள்ளியில் படிக்க வைத்த ஒரு தாய் சில நாட்கள் சிறையில் இருக்க நேர்ந்தது. பிள்ளையை நல்ல பள்ளிக்கு அனுப்பியதற்காக ஒரு தாய் சிறை செல்வதை என் மனம் ஏற்க மறுக்கிறது. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அந்த மாவட்டத்திலேயே சிறு அடுக்குமாடி வீடு வாடகைக்குக் கிடைத்தால், வாடகைக்குடியிருப்பவரின் பிள்ளைக்கும் சொந்த வீட்டுக்காரரின் பிள்ளைக்கும் பள்ளியில் ஒரே உரிமைதான். குடியுரிமையும் தேவையில்லை, குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1982இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வீட்டு எண்ணையும் தெருவையும் சொல்லி, எந்தப் பள்ளி என்பதை மாவட்டத்தின் சேர்க்கை அலுவலகத்தில் நேரடியாக உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். அஞ்சல் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரும் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.