செத்ததுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு பாருங்க

பிரவுசர்ல ஓசியில விளையாடற ஷூட்டிங் கேம் பத்தி போன தடவை ஒரு பதில்ல போற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகளே இந்த தடவை பக்கத்தை நிரப்பிடுச்சு. மத்த கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, என்கிட்ட கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் தான் இருக்கு. எதையும் இன்ஸ்டால் பண்ணாம பிரவுசர்லயே விளையாட நல்ல ஷூட்டிங் கேம் சொல்லுங்க. தேடினா நூறு வருது, எது நல்லது எது குப்பைன்னே புரியல.

பதில்: பேரு தானே வேணும், ரெண்டு சொல்றேன். ஒன்னு கிரங்கர், 2018ல வந்தது, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும், அழகுன்னு சொல்ல முடியாது, ஆனா அந்த கட்டம் தான் உங்க லேப்டாப்பை காப்பாத்தும், ஏன்னா வரையறதுக்கு கம்மியா தான் இருக்கு. ஓடிக்கிட்டே குதிச்சு சறுக்கி வேகம் ஏத்தற கேம், கை பழகற வரைக்கும் வெறுப்பா இருக்கும். இன்னொன்னு ஷெல் ஷாக்கர்ஸ். அதுல நீங்க ஒரு முட்டை. கையில துப்பாக்கி வச்ச முட்டை. சுட்டா ஓடு உடைஞ்சு மஞ்சக்கரு தெறிக்கும். சிரிப்பா இருக்கேன்னு லேசா நினைக்காதீங்க, தோட்டா பறந்து போற நேரத்தை கணக்கு பண்ணி ஓடறவனுக்கு கொஞ்சம் முன்னாடி குறி வைக்கணும், இல்லன்னா ஒன்னுமே படாது.

ஆனா பேரை விட முக்கியம், நீங்களே எடை போட கத்துக்கறது. நான் ஒரு புது கேம் திறந்தா முதல் வேலையா ஓடிப்போய் வேணும்னே மூணு தடவை சாவேன். கிராஃபிக்ஸ் பாக்க மாட்டேன், எத்தனை துப்பாக்கி இருக்குன்னு பாக்க மாட்டேன், செத்ததும் ஒன்னு ரெண்டு மூணுன்னு வாய்விட்டு எண்ணுவேன், திரும்ப கையில துப்பாக்கி வர எத்தனை எண்ணிக்கை ஆகுதுன்னு. நாலு அஞ்சுக்குள்ள வந்துட்டா நல்ல கேம் தான். பன்னெண்டு பதிமூணு வரைக்கும் இழுத்தா கணக்கு போட்டு பாருங்க, ஒரு மேட்ச்ல பத்து தடவை செத்தா ரெண்டு நிமிஷம் சும்மா ஸ்கிரீனை பாத்துட்டு இருக்கீங்க, புதுசா வர்றவங்க பத்து தடவை கண்டிப்பா சாவாங்க.

அடுத்தது, யாரு சுட்டாங்க எங்கேருந்து சுட்டாங்கன்னு காட்டுதா? காட்டினா தான் அடுத்த தடவை அந்த மூலையை பாத்து வைப்பீங்க, காட்டலைன்னா நூறு தடவை செத்தாலும் ஒன்னும் கத்துக்க மாட்டீங்க. அப்புறம் திரும்ப எங்க இறக்கி விடுது. சில கேம்ல எதிரி முதுகுக்கு நேரா இறக்கி விடுவான், சில கேம்ல எதிரி துப்பாக்கிக்கு நேரா. ரெண்டாவது ரகமா இருந்தா டேபை மூடிடுங்க. கடைசியா, செத்த அந்த ஸ்கிரீன்ல பெரிய பட்டன் எது? திரும்ப விளையாடுங்கறதா, ஸ்கின் (ஆளுக்கும் துப்பாக்கிக்கும் மாட்டற அலங்காரம்) வாங்குங்கறதா, விளம்பரம் பாத்தா சீக்கிரம் எழுந்திரிக்கலாம்ங்கறதா? இந்த கேம் உங்களை என்னவா பாக்குதுன்னு அந்த பட்டன் சொல்லிடும்.

கேள்வி: நான் முதல்ல சுட்டாலும் எதிரி தான் ஜெயிக்கிறான். சுவத்துக்கு பின்னாடி ஒளிஞ்சதுக்கு அப்புறம் கூட சாகறேன். மவுஸும் எண்ணெய் தடவின மாதிரி வழுக்குது. நெட்டை மாத்தணுமா?

பதில்: இதுல மூணு வியாதி கலந்து இருக்கு, பிரிச்சு பாக்கணும்.

மொதல்ல மவுஸ். விண்டோஸ்ல மவுஸ் செட்டிங்ஸ் உள்ள பாயின்டர் பிரிசிஷன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்து விடுங்க. அது இருந்தா மவுஸை வேகமா தள்ளினா ஒரு தூரம், மெதுவா தள்ளினா வேற தூரம் போகும், கை எப்படி பழகும்? சில கேம் செட்டிங்ஸ்ல ரா இன்புட்னு இருக்கும், மவுஸ் அசைவை மாத்தாம அப்படியே எடுத்துக்கறது, அதை ஆன் பண்ணிக்கலாம். டச்பேட்ல விளையாடறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

ரெண்டாவது எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படம் வரையுதுங்கற கணக்கு. பிரவுசர் கேம் பொதுவா உங்க ஸ்கிரீன் எவ்ளோ தடவை புதுப்பிக்குதோ அவ்ளோ தடவை தான் படம் வரையும், 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்னா 60 எஃப்பிஎஸ். அது இருவது முப்பதுக்கு விழுந்தா நெட் மேல பழி போடாதீங்க. குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பகுதிக்கு போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. யாரோ வீடியோல சொன்னாங்கன்னு எப்பவோ ஆஃப் பண்ணி வச்சிருப்பீங்க, அப்புறம் முழு படத்தையும் பிராசசர் தனியா வரைஞ்சு மூச்சு வாங்கிட்டு இருக்கும். லேப்டாப் ஃபேன் சத்தம் போடுதுன்னா பாதி காரணம் அது தான்.

மூணாவது பிங், அதாவது சர்வருக்கு தகவல் போய் திரும்ப வர ஆகற நேரம், மில்லி செகண்ட் கணக்குல. இது மட்டும் தான் நெட். இதுல ரெண்டு விஷயம் இருக்கு. பிரவுசர் கேம் நிறைய வெப்சாக்கெட் வழியா தான் சர்வரோட பேசும், அது வரிசை தவறாம வர்ற பஸ் கியூ மாதிரி, நடுவுல ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) தொலைஞ்சா அது திரும்ப வர்ற வரைக்கும் பின்னாடி வந்த எல்லாம் காத்து நிக்கும். அதனால தான் எல்லாரும் ஒரு நொடி உறைஞ்சு நின்னு அப்புறம் மொத்தமா பாஞ்சு வருவாங்க. தனியா இன்ஸ்டால் பண்ற பெரிய கேம்கள் பெரும்பாலும் யுடிபிங்கற வேற முறையில பேசும், தொலைஞ்சது தொலைஞ்சதுன்னு விட்டுட்டு அடுத்ததுக்கு போயிடும். வெப்ஆர்டிசிங்கற இன்னொரு முறை வழியா பிரவுசர்லயும் அதே மாதிரி பண்ணலாம், எல்லா கேமும் அந்த சிரமம் எடுத்துக்கறதில்ல.

சுவத்துக்கு பின்னாடி சாகறது வேற கதை. நிறைய கேம்ல சர்வர் கொஞ்சம் பின்னோக்கி போய், சுட்டவன் ஸ்கிரீன்ல அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்களோ அதை வச்சு தான் தீர்ப்பு சொல்லும். அவன் பாத்தப்போ நீங்க வெளிய தான் நின்னீங்க. உங்களுக்கு அநியாயம், அவனுக்கு நியாயம். சர்வர் தேர்ந்தெடுக்கற இடத்துல பிங் நம்பர் கம்மியா இருக்கறதை எடுங்க, வைஃபைக்கு பதிலா கேபிள் போட முடிஞ்சா போடுங்க. பிங் 200க்கு மேல இருந்தா ஸ்னைப்பர் எடுக்காதீங்க, பக்கத்துல போய் ஷாட்கன்ல சண்டை போடுங்க, அது தான் பொழப்புக்கு வழி.

கேள்வி: குனிஞ்சு முன்னாடி போறப்போ திடீர்னு கேமே காணாம போயிடுது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்ல, கன்ட்ரோல் டபிள்யூ. கம்ப்யூட்டர் கேம்ல குனிய கன்ட்ரோல் பட்டன், முன்னாடி நடக்க டபிள்யூ, ரெண்டையும் சேத்து அழுத்தினா பிரவுசருக்கு டேபை மூடுன்னு அர்த்தம். எனக்கும் நடந்திருக்கு, இருவத்தி நாலு கில் எடுத்து முதலாவதா இருந்தேன், கடைசி அரை நிமிஷம், ஒருத்தன் ஜன்னல் பக்கம் வர்றான், குனிஞ்சு ஒரு அடி எடுத்து வச்சேன், எதிர்ல மெயில் இன்பாக்ஸ். குனியற பட்டனை ஷிஃப்ட் இல்ல சி-க்கு மாத்திடுங்க. ஒழுங்கா யோசிச்சு செஞ்ச கேம்னா அதுவே ஷிஃப்ட்ல தான் வச்சிருப்பான், குறைஞ்சது வெளிய போகணுமான்னு ஒரு பெட்டியாவது காட்டுவான். எஸ்கேப் அழுத்தி வெளிய வந்தாலும் குரோம் ஒரு நொடி சொச்சத்துக்கு மவுஸை திரும்ப கேமுக்கு குடுக்காது, அதுவும் கேம் கெட்டுப்போனது இல்ல, பயந்து பத்து தடவை கிளிக் பண்ணாதீங்க.

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு. ஹோம்வொர்க் பண்ற டேப் பக்கத்துலயே ஒரு ஷூட்டிங் கேம் டேபும் இருக்கு. காசு கட்டல, ஒன்னும் டவுன்லோட் பண்ணல, பயப்பட ஒன்னும் இல்லன்னு சொல்றான். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம் மேடம். ஆப் ஸ்டோர்ல இருந்து எடுக்கற கேமுக்கு வயசு இவ்ளோன்னு ஒரு ரேட்டிங் கண்ணுல படும், பிரவுசர் கேமுக்கு நடுவுல ஸ்டோரே இல்ல, லிங்க் திறந்தா நேரா உள்ள. அதனால ரேட்டிங் போடற வேலை உங்களுது. திட்டாம பக்கத்துல உக்காந்து ஒரு மேட்ச் நீங்களே விளையாடி பாருங்க. நான் துப்பாக்கியை விட சாட் பெட்டியை தான் பாப்பேன், முகம் தெரியாதவங்க என்ன எழுதறாங்க, அதை மூடி வைக்க செட்டிங்ஸ்ல வழி இருக்கா, நண்பர்களோட மட்டும் தனி ரூம் போட முடியுமா. தனி ரூம் இருந்தா பாதி தலைவலி போச்சு.

இன்னொன்னு, ஒரே கேமை அப்படியே எடுத்து போட்டு சுத்தியும் விளம்பரம் ஒட்டின நகல் தளங்கள் ஏகப்பட்டது இருக்கு, பள்ளிக்கூடத்துல தடுத்ததை திறந்து விடறோம்னு சொல்றது தான் இதுல அதிகம். அங்க விளையாடுங்கற பட்டன் மாதிரியே நாலு டவுன்லோட் பட்டன் இருக்கும். பையனுக்கு ஒரே ஒரு விதி சொல்லி வைங்க, பிரவுசர் கேம் விளையாட எந்த ஃபைலும் எந்த எக்ஸ்டென்ஷனும் தேவையில்ல, கேட்டா அது கேம் இல்ல. காசு கட்டலைங்கறது உண்மையா இருக்கலாம், கார்டு நம்பர் பிரவுசர்ல சேவ் ஆகி இருக்கான்னு மட்டும் பாத்து எடுத்துடுங்க.

கேள்வி: என் ஃப்ரெண்ட் ஒரு ஸ்கிரிப்ட், அதான் குட்டி புரோகிராம், போட்டு தானா குறி வைக்க வைக்கிறான். பிரவுசர் கேம்ல எல்லாரும் பண்றாங்கன்னு சொல்றான். நானும் போடவா?

பதில்: எல்லாரும் பண்றதில்ல, எல்லாராலயும் பண்ண முடியும், அது தான் வித்தியாசம். பிரவுசர்ல ஓடற கேமோட கோடு உங்க கம்ப்யூட்டருக்கே வந்துடுது, எவ்ளோ குழப்பி மூடி வச்சாலும் உக்காந்து பிரிக்கறவன் பிரிச்சிடுவான். ஆனா அதே கதவு உங்க பக்கமும் திறந்து தானே இருக்கு. முகம் தெரியாத ஒருத்தர் எழுதின ஸ்கிரிப்டை அந்த பக்கத்துல ஓட விட்டா நீங்க அங்க பாக்கறது டைப் பண்றது எல்லாத்தையும் அதுவும் படிக்கலாம், பாஸ்வேர்டு உட்பட. தானா குறி வச்சா நீங்க எதுக்கு தம்பி, ஸ்கிரிப்ட் விளையாடட்டும், நீங்க போய் தூங்குங்க.

கேள்வி: ஒரு கேம்ல ஸ்கின் வாங்கலாமான்னு பாக்கறேன். வாங்கலாமா?

பதில்: சர்விவ்னு ஒரு கேம், மேல இருந்து பாக்கற மாதிரி வட்ட வட்டமா ஆளுங்க, 2017ல வந்து செம ஓட்டம் ஓடுச்சு, 2023ல மூடிட்டாங்க. அதுல இருந்த ஸ்கின் இப்ப எங்க? பிரவுசர் கேம் சர்வரை அணைச்சா உங்க கையில ஒரு ஃபைல் கூட மிஞ்சாது. ரெண்டு மாசமா தினமும் திறக்கறீங்க, போனாலும் வருத்தமில்லன்னா வாங்குங்க. கெஸ்டா மட்டும் வாங்காதீங்க, அக்கவுன்ட் இல்லாம சேத்தது எல்லாம் பிரவுசர்ல தான் இருக்கும், யாராவது டேட்டாவை கிளியர் பண்ணா மொத்தமும் காலி. எங்க வீட்ல அந்த யாராவது நான் தான்.

கேள்வி: பழைய ஃபிளாஷ் ஷூட்டிங் கேம் எல்லாம் எங்க போச்சு?

பதில்: பழைய பிரவுசர் கேம்களை ஓட வச்சது ஃபிளாஷ் பிளேயர்னு ஒரு சாஃப்ட்வேர், அடோப் கம்பெனியோடது. அடோப் 2020 டிசம்பர் 31ஓட அதுக்கு கும்பிடு போட்டுச்சு, 2021 ஜனவரி 12ல இருந்து அந்த ஃபிளாஷ் பிளேயர் ஓடவே மறுத்துடுச்சு. கேம் எல்லாம் அழிஞ்சு போகல. ரஃபிள்னு ஒரு எமுலேட்டர், ஃபிளாஷ் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர், பழைய ஃபைலை பிரவுசர்லயே ஓட வைக்குது, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல நிறைய கேம் அது வழியா அப்படியே திறக்கும். ஃபிளாஷ்பாயின்ட்னு டவுன்லோட் பண்ற பெரிய சேமிப்பு ஒன்னும் இருக்கு. சிலது பாதி தான் ஓடும், சத்தம் வரும் படம் வராது, பொறுத்துக்கணும்.

கேள்வி: இவ்ளோ பேசறீங்களே, உங்க ஸ்கோர் என்ன?

பதில்: பத்து தடவை செத்தா ஏழு பேரை சுட்டிருப்பேன். முட்டை கேம்ல அதுவும் கம்மி.