எச்.பி.வி. பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல்: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 41, இரண்டு பிள்ளைகள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஹெல்த் செக்கப்போடு கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொண்டேன். ரிப்போர்ட்டில் 'எச்.பி.வி. 16, 18 நெகட்டிவ். மற்ற 12 ஹை-ரிஸ்க் வகைகள் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. பாப் ஸ்மியர் நார்மல். லேபில் 'டூயல் ஸ்டெயின்' என்று புதிதாக ஒரு டெஸ்ட்டையும் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்குப் புற்றுநோயா? அந்த டெஸ்ட் அவசியமா? ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏதோ மருந்து தடவிப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். அது போதுமா?

பதில்: உங்கள் ரிப்போர்ட் 'புற்றுநோய்' என்று சொல்லவில்லை. கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற ஒரு வைரஸ் இருக்கிறது, இன்றைய தேதியில் அது செல்களைக் கெடுத்ததாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. இரவில் தூக்கம் கெட வேண்டிய செய்தி இல்லை இது. ஆனால் ஃபைலில் போட்டு மறந்துவிடக் கூடியதும் இல்லை.

நீங்கள் செய்துகொண்ட இரண்டு டெஸ்ட்டும் இரண்டு வேறு விஷயங்களைப் பார்க்கின்றன. பாப் ஸ்மியரில் செல்களின் தோற்றம் மாறியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். எச்.பி.வி. டெஸ்ட்டில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். மெஷின் தேடுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸால் வருவதுதான். அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அதனால்தான் அவற்றை ரிப்போர்ட்டில் தனியாகப் பிரித்துப் போடுகிறார்கள். உங்களுக்கு அவை இல்லை என்பது நல்ல செய்தி. மற்ற வகைகளைப் பெரும்பாலான பெண்களின் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிவிட்டால்தான் சிக்கல். அப்படித் தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை மனதில் வைத்துப் புழுங்குகிறார்கள். இந்த வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் வந்து அடங்கியிருந்தது இப்போது தெரிய வந்திருக்கலாம். இந்த ரிப்போர்ட்டை வைத்து உங்களையோ கணவரையோ சந்தேகப்பட இடமே இல்லை.

இனி டூயல் ஸ்டெயின். கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்கள் திரவத்தில் மிதந்தபடி ஒரு சிறு குப்பியில் லேபுக்கு வரும். அதே குப்பியிலிருந்து ஒரு பங்கு பி.சி.ஆருக்கும் இன்னொரு பங்கு ஸ்லைடுக்கும் போகும். டூயல் ஸ்டெயினில் அந்த ஸ்லைடுக்கு இரண்டு நிறம் ஏற்றுகிறோம். பி16 என்ற புரதம் இருந்தால் செல் பழுப்பாகத் தெரியும். கே.ஐ.-67 என்ற புரதம் இருந்தால் உட்கரு சிவப்பாகத் தெரியும். முதலாவது, செல்லிடம் 'பெருகாதே, நில்' என்று சொல்லும் புரதம். இரண்டாவது, செல் பெருகிக்கொண்டிருப்பதன் அடையாளம். ஆரோக்கியமான ஒரு செல்லில் இரண்டும் சேர்ந்து இருக்காது. பழுப்புக்கு நடுவே சிவப்பு உட்கருவோடு ஒரே ஒரு செல் கண்ணில் பட்டாலும் 'பாசிட்டிவ்'தான். வைரஸ் அந்தச் செல்லின் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாப் ஸ்மியரில் பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்து முடிவு சற்று மாறக்கூடும். இதில் அந்தத் தடுமாற்றம் குறைவு. அமெரிக்காவில் 2020-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. நல்ல டெஸ்ட்தான்.

உங்களுக்கு அவசியமா என்றால், என் பதில்: கட்டாயம் இல்லை. 16, 18 அல்லாத வகை பாசிட்டிவ், பாப் நார்மல் என்றால், ஓராண்டு கழித்து எச்.பி.வி. டெஸ்ட்டைத் திரும்பச் செய்வதுதான் பொதுவான வழிமுறை. அப்போதும் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை. டூயல் ஸ்டெயின் நெகட்டிவ் என்று வந்தாலும் ஓராண்டில் திரும்ப வரத்தான் சொல்வோம். பாசிட்டிவ் வந்தால் மட்டும் கால்போஸ்கோபி இப்போதே. ஆகவே, அடுத்த ஆண்டு நிச்சயம் வருவேன் என்றால் காத்திருக்கலாம். வெளியூர் மாற்றல், வெளிநாட்டுப் பயணம் என்று தள்ளிப்போக வாய்ப்பிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். குப்பியில் மிச்சம் இருக்கிறதா என்று லேபில் கேளுங்கள். இருந்தால் மறுபடி சாம்பிள் கொடுக்க வேண்டியிருக்காது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள். இதற்கு முன்பும் எச்.பி.வி. பாசிட்டிவ் வந்திருந்தால், எச்.ஐ.வி. இருந்தால் அல்லது நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டால் இந்த ஓராண்டுக் கணக்கு பொருந்தாது. மகப்பேறு மருத்துவரை உடனே பாருங்கள். உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று ஏதாவது தெரிந்தால், எல்லா ரிப்போர்ட்டும் நெகட்டிவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

லேப்கள் விற்கும் எல்லாம் தேவையானவை அல்ல. 28 வகை எச்.பி.வி. பேனல் என்று விளம்பரம் வருகிறது. அதில் மருவை மட்டும் உண்டாக்கும் 6, 11 போன்றவையும் அடக்கம். புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அவற்றால் பயனில்லை, வீண் பயம்தான் மிச்சம். ரத்தத்தை எடுத்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிறோம் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். அதே சமயம், பெண்ணே தன் சாம்பிளைத் தானே எடுத்துத் தரும் முறையை நான் மனதார வரவேற்கிறேன். பரிசோதனை மேஜையில் படுக்கக் கூசியே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்களை இதனால் எட்ட முடிகிறது. நல்ல பி.சி.ஆர். கிட் என்றால் டாக்டர் எடுத்ததற்கு ஏறக்குறைய இணையான முடிவு கிடைக்கும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சாம்பிளில் பாப் பார்க்க முடியாது. பாசிட்டிவ் என்றால் நேரில் வந்தாக வேண்டும். ரிப்போர்ட்டில் 'இன்வேலிட்' என்று இருந்தால், சாம்பிளில் போதிய செல்கள் இல்லாமல் போயிருக்கலாம். அது நெகட்டிவ் அல்ல, திரும்ப எடுக்க வேண்டும்.

உங்கள் அக்காவுக்குச் செய்தது, அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளையாக மாறும் இடங்களைக் கண்ணால் பார்க்கும் முறை. அதை மட்டமாக எண்ண வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற நர்ஸ்களை வைத்து இதையே செய்த பெரிய ஆய்வில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. அதன் முடிவு 2007-இல் வெளியானது. ஆனால் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்களை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை எச்.பி.வி. டெஸ்ட் செய்ததிலேயே மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகின. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்.பி.வி. டெஸ்ட்டையே முதல் பரிசோதனையாக்கச் சொன்னது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. அக்காவுக்கு 50-ஐ நெருங்கியிருந்தால் நான் எச்.பி.வி. டெஸ்ட்டைத்தான் சொல்வேன். அந்த வயதில் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதால், கண்ணால் பார்க்கும் முறை நம்பகமாக இருக்காது.

அடுத்த ஆண்டு நீங்கள் டெஸ்ட்டுக்குப் போகும்போது இந்த ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். முந்தைய இரண்டு நாட்கள் பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். எந்தக் கிட்டில் செய்தார்கள் என்பதை இன்றே லேபில் கேட்டுக் குறித்து வையுங்கள். முடிந்தவரை அதே கிட்டில் திரும்பச் செய்தால், இரண்டு ரிப்போர்ட்டையும் உங்கள் டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபமாக இருக்கும்.