வாசகர் கேள்வி பதில்: ஷெல்டர் சாவி யார்கிட்ட இருக்கு?

கேள்வி: ஒவ்வொரு தடவையும் புயலோ பூகம்பமோ வந்து எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கோடிக்கணக்குல நிவாரணம் அறிவிக்கறாங்க. அந்தக் காசை முன்னாடியே செலவு பண்ணக்கூடாதா? ஒரு நாடு எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

பதில்: முன்னாடியே செலவு பண்ணா ஃபோட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காதே! நிவாரண மூட்டை குடுக்கற போஸ் பேப்பர்ல வரும், வெள்ளமே வராம போன தெருவை யாரு படம் புடிப்பா? தலைக்கு மேல வெள்ளம் போன பிறகு ஜாண் என்ன முழம் என்னன்னு பெரியவங்க சொன்னதை நம்ம ஆளுங்க அந்த ஜாண் கணக்கு பார்க்கறதுக்குத்தான் யூஸ் பண்றாங்க.

எங்கேருந்து ஆரம்பிக்கணும்னா, கடைசி ஆள்கிட்டேருந்துதான். ஊரோட கடைசி வீட்ல தனியா இருக்கற பாட்டிக்கு சேதி போகுதா, போனா அவங்களால கிளம்ப முடியுதா, கிளம்பினா போய்ச் சேர ஒரு இடம் இருக்கா. சாட்டிலைட் எல்லாம் இதுக்கு அப்புறம்.

பங்களாதேஷைப் பாருங்க. 1970 நவம்பர்ல, அப்போ அது கிழக்கு பாகிஸ்தான், போலா புயல்ல குறைஞ்சது 3 லட்சம் பேர் செத்தாங்க. புயல் வருதுன்னு தெரியாம இல்ல, ஆனா கடல் எவ்வளவு உயரத்துக்கு ஏறி வரும், எங்க ஓடணும்னு தீவுகள்ல இருந்த ஜனங்களுக்கு சரியா போய்ச் சேரல, ஓடிப் போறதுக்கு ஒசரமான இடமும் இல்ல. 1972ல செஞ்சிலுவை ஆளுங்க ஒரு தன்னார்வலர் படை ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் அரசாங்கமும் கைகோத்துச்சு. கொடி, மெகாஃபோன், கையால சுத்தற சைரன், அவ்வளவுதான் சாமான். அப்படியும் 1991 புயல்ல ஏறக்குறைய 1.4 லட்சம் பேர் போயிட்டாங்க, ஏன்னா ஷெல்டர் பத்தல. செத்தவங்கள்லயும் பொம்பளைங்கதான் ஜாஸ்தி. தனி இடம் இல்ல, டாய்லெட் இல்ல, ஆம்பளைங்க கூட்டத்துல எப்படிப் போய் உக்கார்றதுன்னு நிறைய பேர் வீட்லயே இருந்துட்டாங்க, சில பேர் ஆடு மாட்டை விட்டுட்டு வர மனசில்லாம நின்னாங்க. இதெல்லாம் எந்த வானிலை மேப்லயும் தெரியாது. அப்புறம்தான் தூண் மேல நிக்கற ஷெல்டர் நிறைய கட்டினாங்க, மத்த நாள்ல அது ஸ்கூல், பொம்பளைங்களுக்குத் தனி ரூம், மாடுங்க ஏறி நிக்க மண்மேடு. தன்னார்வலருங்க இன்னிக்கு 76,000 பேர் இருக்காங்க, அதுல பாதி பொம்பளைங்க. 2007ல சிட்ர் புயல் பயங்கர வேகத்தோட வந்துச்சு, சாவு சுமார் 3,400. அதுவும் பெரிய நம்பர்தான், இல்லேங்கல, ஆனா பழைய கணக்கோட வச்சுப் பாருங்க.

கேள்வி: பணக்கார நாடுன்னா சமாளிச்சிடும், ஏழை நாடு மாட்டிக்கும். இதானே உண்மை? சும்மா ப்ளான் பண்ணி என்ன ஆகப்போகுது?

பதில்: பாதி உண்மை. 2010 ஜனவரில ஹைட்டில 7.0 அளவுல பூகம்பம், லட்சக்கணக்குல சாவு. அடுத்த மாசமே சிலில 8.8, சக்தின்னு பார்த்தா ஏறக்குறைய 500 மடங்கு, ஆனா இறந்தவங்க 500 சொச்சம். சிலி கொஞ்சம் வசதியான நாடுதான், அது மட்டும் காரணம் இல்ல. 1960லயே 9.5 வாங்கின நாடு அது, கட்டட விதியை சீரியஸா எடுத்துக்கிட்டாங்க, கட்டடத்தோட அஸ்திவாரம் தூண்ல கோளாறு வந்தா கட்டி வித்தவன் 10 வருஷத்துக்குப் பொறுப்புன்னு சட்டமே இருக்கு. துருக்கிலயும் பேப்பர்ல விதி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 2018ல விதி மீறின கட்டடத்தை எல்லாம் பணம் கட்டி ரெகுலர் பண்ணிக்கலாம்னு சலுகை குடுத்தாங்க. 2023 பிப்ரவரி பூகம்பத்துல அங்க மட்டும் 50,000 பேருக்கு மேல போயிட்டாங்க. எல்லாத்துக்கும் அந்த சலுகைதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஃபைன் கட்டினதால தூண் கெட்டியாயிடாதுல்ல?

பணத்தைப் பத்திச் சொன்னீங்க, ஜெர்மனியை விடவா பணம் வேணும்? 2021 ஜூலைல வெள்ளம் வரும்னு ஐரோப்பிய எச்சரிக்கை மையம் பல நாள் முன்னாடியே சொல்லியாச்சு. ஆர் நதிப் பள்ளத்தாக்குல அந்த எச்சரிக்கை வீட்டு வாசல் வரைக்கும் வரல. ஜெர்மனி முழுக்க 180 பேருக்கு மேல செத்தாங்க. அதுல மாற்றுத்திறனாளிகள் விடுதி ஒண்ணுல தரைத்தளத்துல இருந்தவங்க 12 பேர், ராத்திரில. நான் மேல சொன்ன கடைசி ஆள் இவங்கதான்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல மாக் ட்ரில்னு ஒண்ணு நடக்குது. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கீழ இறங்கி செல்ஃபி எடுத்துட்டு மேல வருவோம். இதனால ஏதாவது பிரயோஜனம் உண்டா?

பதில்: நீங்க பண்றதால இல்லீங்க. ஆனா ட்ரில் வேஸ்ட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஜப்பான்ல காமைஷின்னு ஒரு கடலோர ஊர், 2011 சுனாமில அங்க ஸ்கூல் பசங்க கிட்டத்தட்ட 3,000 பேர்ல 99 சதவீதத்துக்கு மேல பொழச்சாங்க. தண்ணி இது வரைக்கும்தான் வரும்னு மேப்ல கிழிச்சிருக்கற கோடை நம்பாதே, யாரும் சொல்லட்டும்னு நிக்காதே, முதல்ல நீ ஓடுன்னு வருஷக்கணக்கா பழக்கியிருந்தாங்க. பெரிய பசங்க சின்னதுங்க கையைப் புடிச்சுக்கிட்டு ஓடினாங்க, முதல்ல போய் நின்ன இடம் பத்தாதுன்னு தோணினதும் இன்னும் மேல ஏறினாங்க. ட்ரில்னா முடிவெடுக்கப் பழகறது, வரிசையா இறங்கறது இல்ல.

இன்னொண்ணு, ட்ரில் சொதப்பினா சந்தோஷப்படணும், ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. ஜெர்மனில 2020 செப்டம்பர்ல நாடு முழுக்க எச்சரிக்கை ஒத்திகை வச்சாங்க, ஆப்ல மெசேஜ் அரை மணி நேரம் லேட்டு, நிறைய ஊர்ல சைரனையே எப்பவோ கழட்டிப் போட்டிருந்தாங்க. அடுத்த வெள்ளத்துக்கு 10 மாசம்தான் இருந்துச்சு. டவர்லேருந்து எல்லா ஃபோனுக்கும் ஒரே நேரத்துல மெசேஜ் போற சிஸ்டம் அங்க வந்தது 2023ல, அதுவும் இவ்வளவு நடந்த பிறகு.

உங்க ஆபீஸ்ல அடுத்த தடவை நேரம் சொல்லாம வைக்கச் சொல்லுங்க, ஒரு படிக்கட்டை மூடிட்டு வைக்கச் சொல்லுங்க, வீல்சேர்ல ஒருத்தரை உக்கார வச்சு இறக்கச் சொல்லுங்க. செல்ஃபி எடுக்க டைம் இருக்காது.

கேள்வி: ஃபோன்ல ரெட் அலர்ட் ஆரஞ்சு அலர்ட்னு வந்துக்கிட்டே இருக்கு, பாதி நேரம் தூறல் கூட இல்ல. எப்படி நம்பறது?

பதில்: கோவம் நியாயம்தான். தப்பு முழுசா உங்க மேல இல்ல, கலரை மட்டும் சொல்லி விட்டுடற அலர்ட் மேலதான். உன் தெருவுல முழங்கால் தண்ணி வரும், சாயங்காலத்துக்குள்ள இந்தப் பக்கம் போன்னு சொன்னா ஜனங்க கேப்பாங்க. ஆனாலும் ரெண்டு தடவை சும்மா போயிட்டு வந்தது நஷ்டம் இல்ல. இந்தோனேஷியால சிமிலுவேன்னு ஒரு தீவு, 1907ல அங்க சுனாமி வந்துச்சு. பூமி பலமா ஆடி கடல் உள்ள போச்சுன்னா மலைக்கு ஓடுன்னு பாட்டி தாத்தாங்க கதையா பாட்டா சொல்லிக்கிட்டே வந்தாங்க. 2004ல பூகம்ப மையத்துக்குப் பக்கத்துலயே இருந்தும் சுமார் 78,000 பேர்ல சுனாமிக்குச் செத்தவங்க 7 பேர்தான். அத்தனை வருஷத்துல நிலம் ஆடி சும்மா ஓடினவங்க எவ்வளவு பேரோ!

கேள்வி: சரி, சாதாரண ஆள் நான் என்ன செய்ய?

பதில்: டார்ச், தண்ணி, மாத்திரை, பேட்டரி ரேடியோ, பத்திரங்களோட நகல் எல்லாம் ஒரே பைல. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், செய்யறவங்கதான் கம்மி. குடும்பம் பிரிஞ்சுபோனா எங்க சேரணும்னு ஒரு இடம் பேசி வைங்க, வெளியூர் சொந்தக்காரர் ஒருத்தர் நம்பரை எல்லாரும் மனப்பாடம் பண்ணுங்க. அப்புறம் உங்க வார்டு ஆளுங்க ஓட்டு கேட்டு வரும்போது ரோடு லைட்டு கூட இதையும் கேளுங்க: எங்களுக்கு ஷெல்டர் எது, ராத்திரி 2 மணிக்கு அதோட சாவி யார்கிட்ட இருக்கும், அவர் ஊர்ல இல்லேன்னா வேற யார்கிட்ட?