நான்கையும் மாற்றவும் வேண்டாம், நான்கையும் பிரிக்கவும் வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் உண்டு. மண் பாதையில் ஏறி இறங்குவதற்காக 2016ஆம் ஆண்டு மஹிந்திரா ‘தார்’ சி.ஆர்.டி.இ. ஜீப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். முன்பக்கம் கம்பெனி ஷாக் அப்சார்பர். பின்பக்கம் முந்தைய உரிமையாளர் மாட்டிய, பக்கத்தில் தனிக் குப்பி வைத்த வெளிநாட்டு கேஸ் ஷாக். பின் இடது ஷாக்கில் எண்ணெய் வழிகிறது. சேலத்தில் ஒருவர் நான்கையும் ‘ரீகண்டிஷன்’ செய்து தருகிறேன் என்கிறார். இன்னொருவர் நான்கையும் கழற்றிவிட்டுப் புதியது போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் வண்டியில் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் வெவ்வேறு இனம். பின்பக்க ஜோடியைப் பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்யலாம். முன்பக்க ஜோடி நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். கெட்டிருந்தால் புதிதாக மாற்றத்தான் வேண்டும்.

முதலில் முன்பக்கத்தைப் பார்ப்போம். கம்பெனி ஷாக் என்பது குழாய்க்குள் குழாய் வைத்து, எண்ணெய் நிரப்பி, வாயை மடித்து நிரந்தரமாக மூடிய பொருள். அதைத் திறக்க வழி வைக்கப்படவில்லை. உள்ளே போடுவதற்கான சீலும் தனியாக விற்பனைக்கு வருவதில்லை. ஒரு சிறிய ரப்பர் வளையத்தை விற்றால் தீரக்கூடிய வேலைக்கு முழு ஷாக்கையும் வாங்க வைக்கும் இந்த ஏற்பாட்டின் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும், திறக்க முடியாத ஒன்றைத் திறந்து தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அந்த ‘ரீகண்டிஷன்’ எப்படி நடக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என் பட்டறைக்கு ஒரு ஜீப் வந்தது. ஷாக் நான்கும் புதிதுபோலக் கறுப்பாக மின்னின. துணியால் துடைத்தபோது ஒன்றின் அடிப்பகுதியில் பட்டாணி அளவு மேடு விரலில் தட்டியது. வர்ணத்தைச் சுரண்டினேன்; உள்ளே வெல்டிங் புள்ளி. குழாயில் ஓட்டை போட்டு, சாதாரண எஞ்சின் ஆயிலை ஊற்றி, ஓட்டையை அடைத்து, மேலே ஸ்பிரே அடித்திருந்தார்கள். எஞ்சின் ஆயில் கெட்டியானது என்பதால் முதல் வாரம் வண்டி விறைப்பாக ஓடும். உரிமையாளரும் பணம் வீண்போகவில்லை என்று மகிழ்வார். மலைப்பாதையில் நன்றாக வேலை வாங்கினால் அந்த எண்ணெய் சூடேறி, நுரைத்து, இளகிவிடும். சீல் பழையதுதான் என்பதால் ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் ஒழுகும். கேஸ் நிரப்பிய ஷாக்கில் ஓட்டை போடுவதும் பற்ற வைப்பதும் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து என்பது தனிக் கதை.

உங்கள் முன்பக்க ஜோடி நலமா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஷாக்கின் வேலை, குலுக்கலின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. தோட்டத்துக் கரடு முரடான பாதையில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, புறங்கையை நான்கு ஷாக்குகளின் உடலருகே கொண்டுசென்று பாருங்கள்; சூடாக இருக்கும், அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஒரே அச்சில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. முன்பக்கம் இரண்டும் ஒரே சூட்டில் இருந்து, உடலில் எண்ணெய் வழியாமலும் இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். கடகடவென்ற சத்தம் மட்டும் இருந்தால் ஷாக்கின் ‘கண்’ணில், அதாவது அதை வண்டியோடு பூட்டும் நுனி வளையத்தில், உள்ள ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். பின்னால் பட்டை ஸ்பிரிங் இருக்கும் வண்டியில் அதன் புஷ்ஷும் அதே சத்தத்தைத் தரும்.

இனி பின்பக்கம். தனிக் குப்பியுள்ள இந்த வகை பெரும்பாலும் பிரிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. மூடியை ஒரு வளையக் கிளிப் பிடித்திருக்கும். குப்பியில் டயர் வால்வு போன்ற ஒரு வால்வு இருக்கும். இவை இருந்து, அந்தத் தயாரிப்புக்கான சீல் தொகுப்பும் (‘கிட்’) கிடைத்தால், சரிசெய்வதே புத்திசாலித்தனம். கிட்டை முதலில் கையில் வாங்குங்கள். அதன் பிறகே ஷாக்கைக் கழற்றச் சொல்லுங்கள். ‘அளவுக்கு ஒத்த சீல் போட்டுவிடலாம்’ என்பதற்கு இணங்க வேண்டாம்.

முடிவு உண்மையில் ராடின், அதாவது ஷாக்கின் குழாய்க்குள் போய் வரும் தண்டின், கையில் இருக்கிறது. ராடு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். விரல் நகத்தை அதன் நீளவாக்கில் ஓட்டுங்கள். எங்காவது நகம் தட்டினால் அது துரு தின்ற குழி. அந்தக் குழி புதிய சீலையும் அறுத்துவிடும், ஆகவே அந்த ராடு ஆகாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல்தான் பலரிடம் வீணாக ராடு விற்கிறார்கள். குழி ராடின் கண் பக்கத்து நுனியில் இருந்து, ஷாக் எவ்வளவு அமுங்கினாலும் சீல் அங்கே வந்து சேராது என்றால், அந்தக் குழியால் கெடுதல் இல்லை. சீல் எதுவரை வருகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை ராடில் தளர்வாகவும் நழுவாமலும் கட்டி, சீலை ஒட்டித் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். அதில் ஒரு நாளாவது காபி மூட்டைகளை முழுப் பாரமாக ஏற்றி, உங்கள் பாதையிலேயே மோசமான பள்ளத்தில் இறக்கி ஏற்றுங்கள். அமுங்கும்போதெல்லாம் சீல் அந்த டையைத் தள்ளிக்கொண்டு போய், தான் எட்டிய கடைசி இடத்தில் விட்டுவைக்கும். டை நின்ற இடத்துக்கும் குழிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் ராடை வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைவாக இருந்தால் கூடாது. பின்னாளில் பாரத்தைக் கூட்டினாலோ, சேஸிஸுக்கு அடியில் மோதலைத் தாங்கும் ‘பம்ப்’ ரப்பர் உதிர்ந்துபோனாலோ இந்தக் கணக்கு செல்லாது. மறுபடியும் டை கட்டிப் பார்க்க வேண்டும்.

ராடு ஆகாதென்றால், லேத்தில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து பளபளப்பாக்கித் தருவார்கள். முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் பயன்படும் ஹார்ட் குரோம் ராடு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

கேஸ் விஷயத்தில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. இதற்கு நைட்ரஜன்தான் நிரப்ப வேண்டும். இவ்வகை ஷாக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் தேவை. டயருக்கு நைட்ரஜன் அடிக்கும் கடை இயந்திரம் அதற்காக ஏற்பட்டதல்ல. சிலர் கம்ப்ரஸர் காற்றையே அடித்துவிடுகிறார்கள். அதிலுள்ள ஈரமும் ஆக்ஸிஜனும் ஷாக்கின் உள்ளே போகக் கூடாதவை. பெரிய நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் அந்தக் கடையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இடதில் மட்டும்தான் கசிவு என்றாலும் பின்பக்கம் இரண்டையும் ஒன்றாகவே பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் புது எண்ணெயும் மறுபக்கம் களைத்த எண்ணெயும் இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் சாயும். கிட், எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் சேர்ந்து புதிய ஜோடியின் விலையில் பாதிக்குள் அடங்கினால் சரிசெய்யுங்கள். ராடும் மாற்ற வேண்டி வந்து பாதியைத் தாண்டினால் புதியது வாங்குங்கள். குழாயின் உட்சுவரில் கீறல் இருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம், புதியதுதான்.

புதியது வாங்கும்போது மெக்கானிக்கைக் கடைக்கு அனுப்பாமல் நீங்களே போங்கள். அவருக்குக் கமிஷன் எங்கே கிடைக்கிறதோ அந்தக் கடைப் பொருள்தான் உங்கள் வண்டிக்கு ஏறும். ‘இந்த ஷாக் போட்டால் வண்டி இரண்டு இஞ்ச் உயரும்’ என்பவரையும் நம்பாதீர்கள். உங்கள் வண்டியின் எடையை முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியும் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் தாங்குகின்றன, ஷாக் அல்ல. ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதம்தான், இன்னும் பழைய 28ஐப் போட்டு விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

‘எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) எடுக்கும்போது தெரிந்துவிடாதா’ என்று சிலர் கேட்பதுண்டு. பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, வர்ணம் அடித்திருக்கிறதா என்று பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை ஷாக்கின் மீது காட்டி நான் கண்டதில்லை. அந்தச் சான்றிதழை ஷாக்குக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை முடியும்வரை வண்டியில் மூட்டை ஏற்ற வேண்டாம். ஈரப் பாதையில் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள், கழற்றிய பழைய சீல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.